முகாமில் எரிந்த தூபம்

என் பெயர் கல்ஜென் ஷெர்பா, வயது ஐம்பத்திரண்டு, தகப்பனார் பெயர் சுல்திம், கும்ஜுங் கிராமம், மலையேறும் குழுக்களுக்குச் சமையல்காரன். உர்கியன் உச்சியைத் தொடாமல் திரும்புவான் என்று நான் முன்கூட்டியே சொன்னவன். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் யாக் எருமைகூடத் தலையாட்டியது.

குழுத்தலைவன் உர்கியன் என் மனைவி யாங்ஜியின் தம்பி. அவன் உச்சியில் நிற்கும் படம் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்குகிறது. அவன் வந்தால் வெள்ளிப்பூண் போட்ட கிண்ணத்தில் வெண்ணெய்த் தேநீர், எனக்கு விளிம்பு உடைந்த கிண்ணம். பொறாமையில் சொல்லவில்லை, உர்கியன்மேல் வந்த புகாரை நீங்கள் விசாரிப்பதால் சொல்கிறேன். என் இளமையில் மலைகளே என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றதுண்டு.

சம்பவத்தன்று உர்கியன் வெளிநாட்டுக்காரர் எஸ்பெனைக் கூட்டிக்கொண்டு மேலே போனான். ஆள் மேலே இருக்கும்வரை முகாமின் பூசைமேடையில் தூபத் தழை எரிய வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அது என் பொறுப்பு. முகாம் மேட்டுக்குப் பின்னால் இருப்பதால் மேலேயிருந்து கூடாரம் தெரியாது, புகை மட்டும் தெரியும். அதன் பிறகு உச்சிக்குச் சற்றுக் கீழேயிருந்து வாக்கி டாக்கியில் கேட்டான்.

"அத்தான், புகையைக் காணோமே. எரியுதா?"

"இங்க கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு எரியுது. நீ கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பாரு மச்சான்!"

"அப்ப நடுவுல மூடுபனி ஏறுது. வழி மறையறதுக்குள்ள இறங்கிடறோம்."

"எங்கேய்யா பனி? உச்சி கையெட்டுற தூரத்துல இருக்கு!" என்று எஸ்பென் கத்தியது எனக்கும் கேட்டது.

அதன் பிறகு இருவரும் நல்ல வெயிலில் வந்து சேர்ந்தார்கள். அன்று முழுக்கப் பனி இறங்கவில்லை. பின்னால் போன வேறொரு குழு உச்சியைத் தொட்டுவிட்டு வந்து என் அடுப்படியிலேயே உட்கார்ந்து பாடியது. "என்ன தலைவரே, மலை மேல டீ கிடைக்கலையா, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று நான் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். உர்கியன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எஸ்பென், உர்கியன் பயந்துபோய் இல்லாத பனியைச் சொல்லி ஏமாற்றினான் என்று புகார் கொடுத்தார். அவனுடைய வழிகாட்டி உரிமம் பறிபோகும் என்று பேசிக்கொள்கிறார்கள். எல்லார் முன்னாலும் கேட்டதற்கு அவன் சொன்னது ஒன்றுதான்: "அத்தான் எரியுதுன்னாரு. அவரு சொன்னா எரியும்."

அதன் பிறகு வீட்டுக்குப் போனோம். யாங்ஜி படத்தைக் கழற்றவில்லை. வெள்ளிப்பூண் கிண்ணத்தை அவன் கையில்தான் கொடுத்தாள், வழக்கத்தைவிட நிறையவே ஊற்றி.

மேலே கண்டதை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். தூபம் எரிந்ததாக வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அது ஒன்று மட்டும் என் சொந்தச் சரக்கு. அன்று நான் தழையைப் பற்றவைக்கவே இல்லை. அவன் கண்ணில் கோளாறு இல்லை. மற்றதெல்லாம் நடந்தபடியே சொன்னேன் என்று கையெழுத்திடுகிறேன்.

கல்ஜென் ஷெர்பா