நல்ல கயிறு

கயிறு நல்ல கயிறு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அறுந்துவிட்டது, இற்றுப்போயிருந்தது என்று எவனாவது சொல்லியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். ஆம்ஸ்டர்டாமில் வீடு மாறுகிறவர்களின் பியானோவையும் பீரோவையும் ஜன்னல் வழியாக இறக்கி இறக்கியே தலை நரைத்தவன் நான். என் கையிலிருந்து ஒரு கோப்பைகூட விழுந்ததில்லை.

யெல்லேயைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் மேல்மாடி அறையில் குடியிருந்தான். இசைக் கல்லூரி மாணவன். பழங்காலத்துப் பாஸ் வாத்தியம் படிக்கிறேன் என்றான். வயலோன் என்று பெயராம். வில்லால் இழுக்கிற தடித்த குரல் வாத்தியம், இன்றைய டபுள் பாஸுக்குக் கொள்ளுப்பாட்டன் முறை. ஆள் உயரம், ஆறு நரம்பு, அத்தனையும் ஆட்டுக்குடல்.

"ஏன்டா தம்பி, புதுசு குடுக்க வக்கில்லாம இதைத் தலையில கட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"புதுசு யாருக்கு வேணும் பெரியவரே? இதுக்கு முந்நூறு வயசு. காலேஜ்ல கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"மறுபடியும் இதைப் படிக்கிற வேலைதான்." சிரித்தான்.

படித்தவர்களை நான் நம்புவதில்லை. சிரிக்கிற படித்தவர்களைச் சுத்தமாக நம்புவதில்லை.

எங்கள் வீட்டுப் படி ஏணி மாதிரி. வாத்தியத்தின் மரப்பெட்டி அதில் திரும்பாது. பெட்டியோடு சேர்த்தால் ஓர் ஆள் கனம். கூரை உத்திரத்துக் கொக்கியில் கப்பி மாட்டி நான்தான் தெருவிலிருந்து மேலே ஏற்றினேன். அன்றைக்கு மழை. கயிறு கையில் ஒரு சாண் வழுக்கியது. எங்கள் தொழிலில் கயிறு வழுக்கினால் "விலகு" என்று கத்துவோம், கீழே இருக்கிறவன் ஓடுவான். இவனும் ஓடினான். பெட்டிக்கு நேர் அடியில் போய், குழந்தையை ஏந்துகிறவன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"பைத்தியமாடா நீ?"

"நான் நசுங்கினா ஆஸ்பத்திரி இருக்கு பெரியவரே. இது நசுங்கினா?"

இதை எங்கள் தெரு மீன்கடைக்காரன் கோரிடம் சொல்லி ரொம்ப நாள் சிரித்திருக்கிறேன்.

குடல் நரம்புக்கு ஈரம் ஆகாது. எங்கள் ஊரில் ஈரத்தைத் தவிர என்ன இருக்கிறது? வாசித்ததைவிட அவன் சுருதி சேர்க்க நரம்பை முறுக்கியதுதான் அதிகம். அது எனக்குப் பெரிதில்லை. சங்கதி ட்ரூஸ், என் மனைவி.

அவளுக்குக் காது போய்ப் பல வருஷம் ஆகிறது. வாங்கிக் கொடுத்த காது மெஷின் மேஜை இழுப்பறையில் தூங்குகிறது. என்னுடையது கீச்சுக்குரல், ஒத்துக்கொள்கிறேன். "ட்ரூஸ், உப்பு" என்றால் ஜன்னலைப் பார்ப்பாள். ஆனால் மேலே அவன் வில்லை இழுத்தால் போதும், உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு நிமிர்வாள். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். தடித்த கீழ்ஸ்தாயிச் சத்தம் மட்டும் கேட்கிற காதாம். டாக்டர் சொன்னார். அவரும் படித்தவர்.

"ஹைன், பையன் இன்னிக்கு என்னமோ வருத்தமா இருக்கான்" என்பாள்.

நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். பட்டாணி சூப் கிண்ணத்தோடு மேலே போகும். பாத்திரத்தின் அடியில் பிடித்தது எனக்கு வரும். நான் பொறாமைக்காரன் இல்லை ஐயா. அடியில் பிடித்தது எனக்குப் பிடிக்கும். பரீட்சை முடிந்தால் போய்விடுவான், அதுவரை பொறுப்போம் என்றிருந்தேன்.

பரீட்சையன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ட்ரூஸ் சொன்னாள்: "பையன் போகல. காலேஜ்லயே வேலை குடுக்கறாங்களாம். இங்கேயே இருந்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"மழை பெய்யுமாட்டம் இருக்கு" என்றாள்.

வீடு அவள் பெயரில். அவள் அப்பா கொடுத்தது. நான் காபியைக் குடித்துவிட்டு மேலே போனேன். வாத்தியத்தைப் பரீட்சைக்கு இறக்குவதற்குக் கயிற்றை மாடித் தூணில் சுற்றிப் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். அவனை எதிர்ப்பக்கம், கால்வாய் ஓரமாகப் போய் நிற்கச் சொன்னதும் நான்தான். நின்றான். வேலையில் நான் கறார்.

"என்ன ஹைன், யாரை அடக்கம் பண்ணப் போற?" என்று கோர் கடையிலிருந்து கேட்டான். தெருவே சிரித்தது. யெல்லேயும் சிரித்தான்.

"விலகு" என்று கத்தினேன். கோர் விலகினான். சைக்கிளில் வந்த பெண் விலகினாள். பள்ளிக்கூடமே போகாத நாய்கூட விலகியது.

அவனைப் பரீட்சைக்கு அழைத்துப்போக வந்திருந்த கல்லூரி ஆசிரியை ஓடி வந்தார். முதலில் பெட்டியைத்தான் திறந்தார். "கழுத்துல ஒரு கீறல், அவ்வளவுதான், நல்லவேளை" என்று அழுதார். அப்புறம் பெட்டிக்கு அடியில் பார்த்தார். வாத்தியம் பிழைத்தது அவனால்தான். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு வேண்டாம்.

ட்ரூஸ் இப்போதும் சுவரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து பேசுகிறேன். வீடு அமைதியாகிவிட்டது, பழகப் பழக அவளுக்கு என் குரல் கேட்கும்.

நான் கத்தியபோது பெட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது, பையன் அடியில் வந்து கையை விரித்த பிறகுதான் நான் தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன் என்று கோர் சொல்லியிருக்கிறான் என்கிறீர்கள். கோர் பொய் சொல்லமாட்டான். அப்படித்தான் நடந்தது. ஆனால் ஒன்று யோசியுங்கள் ஐயா. எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுப்பதுதானே முறை?