ஐந்து அடுக்களை வழியே கூடத்தைக் காத்த இபு வர்சினா அவர்களுக்கு

குடுஸ் நகரத்துக் குறுஞ்சந்துகளின் கூர்விழியே, கிராம்பு மணக்கும் சிகரெட் கூடத்தின் கம்பீரமே, எங்கள் மேற்பார்வையாளரே, அம்மா என்ற பொருளில் நாங்கள் ‘இபு’ என்றழைக்கும் வர்சினா அவர்களே, வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கூடத்துப் பெண்கள் இந்த மடலை என் கையில் கொடுத்தார்கள். நேற்று மாலை நகராட்சியிலிருந்து வந்த செய்திக்குப் பிறகு இங்கே யாரிடம் நிதானம் இருக்கிறது?

தளர்வாகச் சுருட்டிய சிகரெட்டைத் தயங்காமல் திருப்பித் தந்தீர்கள். தந்த கையாலேயே காய்ச்சல்காரிக்குக் கஞ்சியும் ஊற்றினீர்கள். சுருட்டுபவளும் நுனி நறுக்குபவளும் முறைத்துக்கொண்டால் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தீர்கள். மதியத்துக்குள் ஒருத்தியின் சோற்றில் மற்றவளின் கை இருக்கும்.

இவையெல்லாம் எந்த விழாவிலும் சொல்லலாம். போன மழைக்காலத்தில் நீங்கள் செய்ததை இங்கேதான் சொல்ல முடியும்.

பழைய பேட்டையைப் பாதுகாக்க நகராட்சி முடிவு செய்தபோது நாங்கள் மகிழவில்லை, மருண்டோம். தேக்குச் சிற்பம் தாங்கிய வணிகர் மாளிகைகளோடு எல்லைக்கோடு நின்றுவிடும் என்றார்கள். பின்னாலிருக்கும் வரிசை வீடுகளும் கூடமும் இடிபட்டு, கார்கள் நிறுத்தும் இடமாகும். இங்கேயே சுருட்டி, இந்த வீடுகளின் பின்னறைகளிலேயே படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பும் எங்களைப் போன்ற வெளியூர்ப் பெண்களுக்கு வேலையும் கூரையும் ஒரே நாளில் போகும். வீட்டுக்குப் போனில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தோம்.

அளவு நாடாவோடு வந்தார் அதிகாரி ஹெந்தார்த்தோ. வேலைக்குப் போகும் பெண்கள் குறுஞ்சந்து முழுவதையும் நிறைத்திருந்த நேரம். மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நீங்கள் உங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டீர்கள்.

“வெளிய நின்னு என்னத்தய்யா அளக்குறீங்க? உள்ள வாங்க, வழி இருக்கு.”

அடுத்தடுத்த வீடுகளை இணைக்கும் சின்னக் கதவுகள் வழியே, எருமைக்கறிச் சாறு கொதிக்கும் ஐந்து அடுக்களைகளுக்குள் அவரை அழைத்துப் போனீர்கள். மூன்றாவது வீட்டு இபு ருகாயா, இப்போதுதான் துடைத்தேன், செருப்பைக் கையில் எடு என்று அவரை அதட்டினார். எடுத்தார். கடைசிக் கதவைத் திறந்தால், சுருட்டும் பெண்கள் வரிசை வரிசையாக நிமிர்ந்து பார்க்கிறார்கள். கையில் செருப்போடு அவர் கேட்டார்.

“இதுல வீடு எங்கம்மா முடியுது? கூடம் எங்க ஆரம்பிக்குது?”

“எங்களுக்கே தெரியாதுய்யா. கொழம்பு வாசன போயி கிராம்பு வாசன வந்தா கூடம்னு வச்சுக்கங்க.”

அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். வீடு வேறு, வேலை வேறு என்று பிரிக்க முடியாத பேட்டை இது என்று அறிக்கை எழுதினாராம். நேற்று முடிவு வந்துவிட்டது: கூடம் கோட்டுக்குள்! வரிசை வீடுகள் கோட்டுக்குள்! எங்கள் பின்னறைகளும் கோட்டுக்குள்!

ஓயாத கரங்களுக்கு ஓய்வு வாய்க்கட்டும். உடல் நோகாமல், உறக்கம் கெடாமல், பேரன் பேத்திகள் சூழ நீங்கள் பல்லாண்டு வாழ வேண்டும். எங்கள் தொல்லை மட்டும் தீராது. திங்கட்கிழமை காலையிலும் உங்கள் அடுக்களை வழியாகத்தான் வேலைக்குப் போவோம். சலித்துப்போய் அந்தக் கதவை அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இனி அதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய,
சுருட்டுவோரும் நறுக்குவோரும்,
பின்கட்டுக் கூடம், குடுஸ்.