கலைமகளின் ஊசிக் கார்டு

— எத்தன நாளா சீழ் வருது மங்களம்? மூடி மறைக்காம சொல்லு.

— எட்டு நாளு மிஸ்ஸி. தட்டம்மை எறங்குன கையோட வலது காதுல ஆரம்பிச்சிச்சு. இப்ப ரெண்டுலயும் வருது.

— எட்டு நாளா! இந்த டுரியான் துங்கால் டவுனு என்ன கடலுக்கு அந்தாண்டையா இருக்கு? எஸ்டேட்ல பஸ் ஏறுனா கிளினிக்லா!

— ஆத்தா வந்த வீடு மிஸ்ஸி. மூணு தண்ணி ஊத்தாம பிள்ளைய வாசப்படி தாண்ட விடலாமா? நேத்துதான் மூணாவது தண்ணி.

— தட்டம்மையில ஒடம்பு அசந்து போச்சுன்னா வேற கிருமி காதுக்குள்ள பூந்துக்கும். அது மூணு தண்ணிக்கெல்லாம் காத்திருக்காது. காதுல என்னா ஊத்துன?

— பூண்டு போட்டுக் காச்சுன எண்ணெய். மூணே சொட்டு, பொய் சொல்லல.

— ரொம்ப நல்லாருக்கு! சரி, நீ பேசாம இரு, நான் பின்னால நின்னு கூப்பிடுறேன். கலைமகள்! கண்ணு, கலைமகள்!

— மூணு வயசுக்கு அம்புட்டுப் பிடிவாதம் மிஸ்ஸி. வேணும்னே திரும்ப மாட்டா.

— இப்ப தட்டத்தக் கீழ போட்டேன், நீ துள்ளுன. அவ அசையல. இதுவும் பிடிவாதமா?

— ஐயோ மிஸ்ஸி, எம்பிள்ளைக்கு காது கேக்காமப் போயிடுமா?

— மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், காது டாக்டர்தான் சொல்லணும். ஊசிக் கார்டக் குடு. ம்... தட்டம்மை ஊசி, தொண்ணூத்தி மூணுல போட்டாச்சு. நர்ஸ் கேத்லீன்னு என் கையெழுத்தே இருக்கு. ஊசி போட்ட பிள்ளைக்கு இப்பிடி வராதேலா. மங்களம், ஏன் தலையக் குனியிற?

— அது எங்கக்கா பிள்ளைக்குப் போட்டது மிஸ்ஸி. ரெண்டும் ஒரே வயசு. ஊசி போட்டாச்சுன்னு சாப்பு அடிக்காத கார்டுன்னா ஆயாக்கொட்டாயில பிள்ளைய எடுக்க மாட்டாங்க. நான் ரப்பர் மரத்துல பால்வெட்டப் போகணுமே.

— இயேசுவே! ஒம்பிள்ளையத் தூக்கிட்டு வர்றதுக்கு என்னா?

— அவளுக்கு சளி. சளி இருந்தா ஊசி ஆகாதுன்னு சொல்லிட்டாங்க.

— எவ சொன்னா? லேசான சளிக்கெல்லாம் தாராளமா போடலாம்! எவ அந்தப் புத்திசாலி? பேரச் சொல்லு, இன்னைக்கே நேர்ல போயி கேக்குறேன்.

— நீங்கதான் மிஸ்ஸி. மூக்கு ஒழுகுதுன்னு ரெண்டு மாசம் திருப்பி அனுப்புனீங்க. மூணாவது மாசம் மூக்கு ஒழுகாத பிள்ளையாப் பாத்துத் தூக்கிட்டு வந்தேன்.