மூண்டாவது கொம்பியூட்டரில தேடினது

இல்லைப் பிள்ளை, புத்தகம் மாத்த வரேல்லை. கதிரை வேண்டாம், நிண்டே சொல்லுறன். பவதாரணி, நீர்தானே சனிக்கிழமை லைபிறறியில சின்னப் பிள்ளையளுக்குக் கதை சொன்னனீர்? ஓம், அந்தக் கதைதான். எஞ்சின் பழுதாகி வள்ளத்தோட இழுபட்டுப் போன அப்பா, ஆரும் இல்லாத தீவில இளநி குடிச்சு உயிர் தப்பி, மகளுக்குச் சங்கு பொறுக்கிக் கொண்டு வாறார். எல்லாரும் கை தட்டினவையாமே.

என்ன, பாராட்ட வந்தனான் எண்டு நினைச்சீரோ? சிரிக்கிறதை நிப்பாட்டும்.

முன்வரிசையில வெள்ளை ரிபனோட இருந்தது என்ர பேத்தி. ஆறு வயசு. தகப்பன் அன்ரனிதாஸ், என்ர மருமோன், மார்கழியில கடலுக்குப் போனவன். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. ஊர்காவற்றுறையில அது ஆருக்குத் தெரியாது? ஆ, அவன்ர பிள்ளை எண்டு தெரியாதோ. சரி, நீர் சரவணை ஊரில இருந்து வந்து போறனீர், அதை நம்புறன்.

இப்ப அவள் பள்ளிக்கூடம் விட்டா வீட்டை வாறேல்லை. நேர வள்ளம் கட்டுற ஜெட்டிக்கு. அனலைதீவு வள்ளம் வந்தா இறங்கிற ஒவ்வொருத்தரையும் மறிச்சு, வழியில ஒரு தீவில சங்கோட ஒரு அப்பா நிண்டவரோ எண்டு கேக்கிறாள். மரியநாயகம் அண்ணை மீன்கூடையை வைச்சுப்போட்டு அழுதவராம். நேற்று வெயிலுக்க நிண்டு பிள்ளைக்குக் காய்ச்சல்.

எங்கயிருந்து பிடிச்சனீர் அந்தக் கதையை? லைபிறறிப் பயிற்சியில சொல்லித் தந்தவையோ? சனம் என்ன தேடுதோ, அதில இருந்து கதை செய்யுங்கோ எண்டோ? கெட்டித்தனம்தான். சரி, அந்த மூண்டாவது கொம்பியூட்டரில, தேடுற பெட்டியை அமத்தேக்க, முந்தி ஆரோ தேடினதெண்டு கீழ என்ன வந்தது? சொல்லும். ஓம். காணாமல் போன மீனவர், வள்ளம், இந்தியக் கரை. ஆரோ பள்ளிக்கூடப் பிள்ளை கட்டுரைக்குத் தேடினது எண்டு நினைச்சீர். நினைச்சு, அதுக்கு நல்ல முடிவொண்டும் வைச்சீர்.

எங்கட கொன்வென்ற் சிஸ்டர் கட்டுரைக் கொப்பியைத் தூக்கி எறிவா, கதையில இல்லாத சந்தோசத்தைக் கடைசியில கொண்டுவந்து ஒட்டாதை எண்டு. உமக்கும் அப்பிடியொரு சிஸ்டர் இருந்திருக்கவேணும்.

அழாதையும். எனக்கு அதுக்கு நேரமில்லை, அடுப்பில சோறு கிடக்கு.

கேளும். என்ர மகள் மேரிசுகந்தி ஏழு மாசம். பிரஷர் கூட. அதிர்ச்சியான ஒண்டும் காதில விழப்படாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவளும் உம்மட கதையைப் பிள்ளையின்ர வாயால கேட்டுப்போட்டாள். இன்டர்நெற்றில ஏதோ கிடக்காமலே மிஸ் சொன்னவா எண்டு, நாளைக்குக் காலமை இங்க தேட வாறாள். ஓம், அந்த வயித்தோடதான். வீட்டில என்ர பட்டன் போன் மட்டும்தானே, மருமோன்ர பெரிய போன் அவனோடயே போட்டுது. மறிச்சுப் பாத்தனான், கேக்கிறாள் இல்லை.

அதுதான் வந்தனான். அந்தப் பெட்டியில கிடக்கிறதை என்ர கண்ணுக்கு முன்னால அழிச்சுவிடும். திறந்து பாத்த பக்கங்களையும். நாளைக்கு அவள் வந்தா லைன் இல்லை எண்டு சொல்லும். குழந்தை பிறக்கும் மட்டும் லைன் வராது. இவ்வளவு கதை கட்டினனீர், இதொரு பொய் சொல்ல ஏலாதோ?

ஆர் தேடினதோ? தை மாசம் ஒரு கிழமை முழுக்க வந்து, கேக் செய்யிற முறை பாக்கவேணும், தமிழில எழுதக் காட்டித் தாரும் எண்டு உம்மைக் கரைச்சல் படுத்தினனானெல்லே. நான் கேக்கே சாப்பிடுறேல்லை. நான் தேடினதில ஒரு படம் கிடந்தது. வேதாரணியம் பக்கம் பிரேதமாக் கரை ஒதுங்கின ஒருத்தன் போட்டிருந்த சேட். ஆரெண்டு தெரியாமல் அங்கேயே மண்ணில தாட்டுப்போட்டினமாம்.

இங்க ஞாயிறு ஞாயிறா அவன் சுகமா வந்துசேரப் பூசை ஒப்புக்குடுக்கிறன். பூசை வைக்கிற சுவாமியார் பேரை வாசிக்கேக்க மகள் முன்வாங்கில இருந்து கேப்பாள். போன வெள்ளி பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போய், எங்களை ஆருக்கும் தெரியாத ஒரு கோயிலில அவன்ர ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை குடுத்தனான்.

பிழையா இருக்காது பிள்ளை. அந்தச் சேட் தோள்மூட்டில கிழிஞ்சுபோய், நீல நூல் முடிஞ்சுபோச்செண்டு நான்தான் பச்சை நூலால தைச்சனான். அவன் போட்டுக்கொண்டு போகேக்கயும் ஏசினவன்.

அழிச்சிட்டீரோ?