முதல்லேர்ந்து சொல்லு

வாய்ப்பாட்டில் பிள்ளைகளுக்குப் பதினாறுதான் தகராறு, மேடம். அதையே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி செய்துவிடுவேன். டியூஷன் டீச்சர் என்றால் எங்கள் தெருவில் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. தினமும் ஒப்பிக்க வேண்டும். தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து.

என் மகள் விஷயத்திலும் நான் வேறெதுவும் செய்யவில்லை.

பள்ளி வேன் டிரைவர் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதை அவள் என்னிடம் சொன்னபோது இரண்டாம் வகுப்பு. அன்றைக்கே புகார் கொடுத்தேன். அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. எங்களுக்கு வாய்தா கிடைத்தது. நீதிபதி மாறினார். அவன் வக்கீலுக்கு முதுகுவலி வந்தது. ஒருமுறை கோப்பே வந்து சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தலைவாரி, அதே வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, சாயங்காலம் கூட்டிவந்தேன். அவன் வேறொரு பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அரசு வக்கீல் ஒருநாள் படியிறங்கிக்கொண்டே சொன்னார்: "பாப்பா மறந்துடாம பாத்துக்கங்கம்மா. ஒரு வார்த்தை முன்னப்பின்ன ஆனாலும் அந்தாளு வக்கீல் பிச்சு உதறிடுவாரு."

இதை என்னிடமா சொல்ல வேண்டும்?

டியூஷன் பிள்ளைகள் போனதும் அவளை எதிரே உட்காரவைப்பேன். "எங்க, முதல்லேர்ந்து சொல்லு." சொல்வாள். ஆரம்பத்தில் அழுதுகொண்டே; போகப்போக அழாமல். அழாமல் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த வேனில் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டையைப் போலவே ஒன்று வாங்கி, அவள் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். பலன் தெரிந்தது.

மனநல டாக்டரிடம் போவதை நிறுத்தினேன். நல்லவர்தான், ஆனால் அவளைச் சிரிக்கவைத்தார். என் தங்கை சண்டைக்கு வந்தாள். "அக்கா, அவன் ஒரு நாள் செஞ்சான். நீ தினம் செய்யற." பிள்ளை பெறாதவள், அவளுக்கு என்ன தெரியும்.

ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டே என் மகள் ஒருநாள் சொன்னாள்: "அதெல்லாம் மறந்துபோச்சும்மா." முகத்தில் அப்படியொரு நிம்மதி. உடனே அந்த வேன் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லச்சொன்னேன். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

போன வாரம்தான் கடைசியில் அவளைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி அன்பாகத்தான் கேட்டார்: "உன்னைக் கஷ்டப்படுத்தினது யாரும்மா? பயப்படாம காட்டு."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரல் என் பக்கம் நீண்டது.

உடனே உங்கள் குழந்தைகள் நலக் குழுவில் அவளை என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அங்கே நன்றாகத் தூங்குகிறாளாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி விசாரிக்க இன்னொரு வாய்தா கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவளை என்னிடம் கொடுங்கள், மேடம். கடைசி வரியில்தான் தடுக்கியிருக்கிறாள். முதலிலிருந்து ஆரம்பித்தால் சரியாகிவிடும்.