ஆறு ஜோடி மூடிகள்

காலை எட்டே முக்காலுக்கு ஆய்வகத்தைத் திறப்பது நான்தான். காரைக்குடிக்கு வந்த பதினாறு ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை.

காளீஸ்வரி என் ஆய்வு மாணவி. கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா பெத்தன் கூலி வேலை செய்பவர்.

ஆர்க்கிட் இலையின் செல் வளரும்போது, பிரியாமலேயே தன் டி.என்.ஏ. மரபுத்தொகுதியை நகல் எடுத்துக்கொள்ளும். முழுவதையும் எடுக்கிறது என்று முன்பு எழுதினேன். அந்தக் கட்டுரைதான் என்னைப் பேராசிரியர் ஆக்கியது. ஒரு பகுதியை மட்டுமே எடுக்கிறது என்று காளீஸ்வரி கண்டாள். எந்த இடம் பெருகுகிறது, எது அப்படியே நிற்கிறது என்று காட்டும் பதினெட்டு மரபுக் குறிப்பான்களை உருவாக்கினாள்.

"நீங்க எழுதுனத நானே திருத்த வேண்டியதாப் போச்சே சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மகரந்தத்தில் இந்த நகல் நடப்பதில்லை. அதனால் இலையின் டி.என்.ஏ.வை மகரந்தத்தினுடையதோடு ஒப்பிடுவாள். மாதிரி எண்களைக் குழாயின் திருகுமூடியில் மட்டும் எழுதுவது அவள் பழக்கம். குழாயிலும் எழுது என்று ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லவில்லை.

அவள் முடிவுகளில் சந்தேகம் என்று துறைக்கு எழுதியது நான். துறை அமைத்த குழுவின் முன் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னதும் நான். அன்று காலை, இலைக்கு ஒன்று மகரந்தத்துக்கு ஒன்று என்று, பன்னிரண்டு ஜோடிக் குழாய்கள் இருந்தன. எல்லா ஜோடியிலும் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றினால் முடிவு அப்படியே தலைகீழாக வரும், கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள். ஆறு ஜோடியில் மட்டும் மாற்றினேன்.

முடிவில் ஒழுங்கே இல்லை. பழைய முடிவுகள் இட்டுக்கட்டியவை என்று குழு எழுதியது. அவள் பதிவு ரத்தானது.

"நாந்தான் எங்குட்டோ தப்பு விட்டுட்டேன் சார். உங்களுக்கும் கெட்ட பேரு" என்றாள். பரவாயில்லை என்றேன்.

குறிப்பான்கள் வீணாகக் கூடாது. அந்தப் பதினெட்டையும் வைத்து நானே சோதனை செய்து, என் பழைய கட்டுரை தவறு என்று எழுதினேன். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டார் என்று பாராட்டினார்கள். நான் நேர்மையானவன். அதனால்தான் உங்களிடம் இதையும் சொல்கிறேன்.

போன வாரம் பெத்தன் வந்தார். மகள் வெளியே வருவதில்லையாம். எங்கே தவறினோம் என்று நோட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறாளாம். உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"ஐயா, மூணு வருசம் கூடவே இருந்து பாத்திருக்கீக. எம் மக பொய் எழுதுற புள்ளையா?"