விமானம் அசையாமல் நிற்கும் வரை

எனக்கு விமானம் என்றாலே பயம். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறாத ஆள் நான். அப்படிப்பட்ட என்னைத் தேடித்தான் இருபத்திரண்டு வருடமாக விமானிகள் மாடிப்படி ஏறி வந்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் தொழில் எளிது. ஒரு நாட்டில் உரிமம் வாங்கிய விமானி இன்னொரு நாட்டில் ஓட்ட வேண்டுமானால், அவர் பறந்த மணிக்கணக்கை அந்த நாட்டு விதிப்படி மாற்றி எழுதித் தருவேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, எட்டு நாட்டு விதிப் புத்தகங்கள். ஒரு நாடு சக்கரம் நகர்ந்ததிலிருந்து எண்ணும். இன்னொன்று சக்கரம் தரையை விட்ட பிறகுதான் எண்ணும். துணை விமானிக்கு ஒரு நாடு முழு மணி கொடுக்கும். பக்கத்து நாடு பாதியை வெட்டிவிடும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு மணி நேரம் என்பதே ஆளுக்கொரு அபிப்பிராயம்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

என் தங்கையின் கணவர் வெளிநாட்டில் துணை விமானி. அந்தக் கம்பெனியை மூடியதும் வீடு திரும்பினார். இங்கே பத்தொன்பது இருக்கை விமானத்துக்குக் கேப்டன் வேலை காத்திருந்தது. ஆனால், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரம் இருநூற்றுப் பன்னிரண்டு மணி குறைந்தது. மனிதர் எட்டு மாதம் சோபாவிலேயே கிடந்தார்.

"ஊர்ல இருக்கிறவ புருஷனுக்கெல்லாம் வழி பண்றே. என் வீட்டுக்காரருக்குப் பண்ண மாட்டியா அண்ணா?" என்றாள் தங்கை.

பண்ணினேன். அவருடைய பழைய பயணங்களை ஒரு புதுப் பறப்புக் கணக்குப் புத்தகத்தில் பெயர்த்து எழுதி, ஒவ்வொன்றிலும் மேகத்துக்குள் ஓட்டிய நேரத்துக்கான மேகக் கட்டத்தில் அரை மணி, முக்கால் மணி சேர்த்தேன். ஒரே மையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நான்கு பேனா. அந்தந்த நாளின் வானிலைக் குறிப்பையும் தேடி எடுத்தேன். வெயிலடித்த நாளில் ஒரு துளி மேகம்கூட வைக்கவில்லை. பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா?

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விமானி கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், நான் மேகத்துக்குள்ள ஓட்டினதே பத்துப் பதினஞ்சு தடவைதான். அதுவும் பக்கத்துல கேப்டன் இருந்தாரு."

"இனிமே நீங்கதான் மாப்பிள்ளை கேப்டன். போகப் போகப் பழகிடும். போடுங்க."

போட்டார், ஒரு பக்கம் விடாமல்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு, கடலுக்கு மேல் ஒரு மேகத்துக்குள் போனார். வெளியே வரவில்லை. கூட ஒரு துணை விமானி, பதினாறு பயணிகள். அதில் ஒருத்தி ஜெராக்ஸ் கடைக்காரரின் மகள். அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். இன்னும் காலையில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், பாவம். தங்கைதான் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது வலிக்கிறது, சார்.

எழுதியது நான்தான். மறுக்கவில்லை. ஆனால், இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் பொய் என்று உங்கள் விசாரணைக் காகிதத்தில் இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த நாட்டு விதியை நீங்களே படித்துப் பாருங்கள். விமானம் கடைசியாக அசையாமல் நிற்கும் வரை பறந்த நேரம்தான். உங்கள் ஆட்கள் இறக்கையில் ஒரு துண்டைத்தான் எடுத்திருக்கிறார்கள். மீதி நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். சுற்றிலும் எதுவும் தெரியாத இடம். ஆகவே மேகக் கட்டத்தில்தான் எழுத வேண்டும்.

அந்த ஞாயிறு ஒன்றரை மணியிலிருந்து எட்டு நாள், இருபது மணி நேரத்தை எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணியோடு இருநூற்றுப் பன்னிரண்டும் நிறைந்துவிட்டது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், ஒரு நிமிடம் பிசகவில்லை. மாப்பிள்ளை வந்து பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.